பின்படிக்கட்டுப் பெயர்கள்

ஜனவரி 14

அன்புள்ள சித்திக்கு,

குட்டி எழுதுகிறேன். நான் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சித்தப்பாவின் அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா?

வீட்டுக்கு எழுதாதே, அலுவலகத்துக்கு எழுது என்று நீங்கள் சொன்னபடியே அனுப்புகிறேன். உறையின் பின்னால் என் பெயர் போடவில்லை. அப்பா குளிர்பதனக் கிடங்கில் இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறார். நான் குளியலறையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்வேன். போனில் பேச முடியாது. யாருக்கு அழைத்தோம் என்று அப்பா தினமும் பார்க்கிறார். உங்கள் கல்யாணத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினீர்களே, அன்றிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தாலே அவர் முகம் மாறிவிடுகிறது.

விஷயம் இதுதான். நூலகத்துக்கு மேலே இருக்கிற மனநல மையத்துக்குப் போன வியாழக்கிழமை உங்கள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அன்று அம்மாவுக்கு மாத ஊசி. நானும் கூடப் போயிருந்தேன். அந்த மையத்துக்கு யாரும் முன்வாசல் வழியாக வருவதில்லை. நூலகத்தில் படிக்கிறவர்கள் பார்த்துவிடுவார்கள். குப்பைத் தொட்டிகள் இருக்கிற சந்து வழியாக வந்து பின்படிக்கட்டில்தான் எல்லோரும் ஏறுவோம். வந்தவர்களுக்கும் யாரோ அந்த வழியைக் காட்டியிருக்கிறார்கள். ஒருவர் மூக்கில் வைத்த கைக்குட்டையை எடுக்கவே இல்லை. இன்னொருவர் ஊசி போடும் சிஸ்டரின் நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டிலிருந்து ஒரு குண்டூசியை உருவி, அதால் பல் குத்திவிட்டு, மறுபடி அதே காகிதத்தில் குத்திவைத்தார்.

பிறகு பெயர்களைக் கூப்பிட்டார். உங்களுக்குத் தெரியுமே சித்தி, அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அம்மாவுக்குக்கூட நீங்கள் முதல்நாள் கூட்டிப்போனபோது வைத்த பெயர்தான் இன்றுவரை. அறையில் இருபத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். அவர் கூப்பிடக் கூப்பிட எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"என்ன சிஸ்டர், பேர் இருக்கு, ஆள் இல்லை. ஆள் இருக்கு, பேர் இல்லை. ஆவிங்களுக்கா ஊசி போடறீங்க?"

"சார், எல்லாரும் நிஜமான ஆளுங்கதான். நிஜப் பேரைக் கேட்டா யாரும் படி ஏற மாட்டாங்க. அதனால எந்தப் பேரானாலும் சரின்னு எழுதிக்கிட்டேன்."

"அப்போ பொய்ப் பேர்னு நீங்களே ஒத்துக்கறீங்க. எழுதிக்கோப்பா."

அம்மாவின் பெயரையும் கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை.

இந்தப் பட்டியல் மேலிடத்துக்குப் போய், பெயர்களைச் சரிபார்த்த பிறகுதான் வரும் ஆண்டுக்கு நிதி உண்டா இல்லையா என்று சொல்வார்களாம். உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் சித்தி. ஊசி போட்ட மாதம் அம்மா அம்மாவாக இருக்கிறாள். உங்களுக்கு அதையும் நான் சொல்லவேண்டியதில்லை.

பதிலைத் தையற்கடை அக்கா முகவரிக்குப் போடுங்கள். அவள் என் சீருடையோடு மடித்துக் கொடுத்துவிடுவாள். அவளும் வியாழக்கிழமைக்காரிதான்.

அம்மா உங்களை விசாரித்தாள்.

அன்புடன்,
குட்டி


ஜனவரி 27

அன்புள்ள குட்டிக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே யாவரும் நலம். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இருமல் போய்விட்டதா? அக்கா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

உன் கடிதம் பார்த்து மனசு கஷ்டமாக இருந்தது. நீ நினைப்பதுபோல இல்லை கண்ணு. துறை என்றால் ஒரே கட்டடம்தான். ஆனால் அதற்குள் எத்தனையோ பிரிவுகள். நான் உட்காருவது ஊழியர்களின் விடுப்பு பார்க்கிற பிரிவில். சரிபார்ப்புக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மாடிக்கே நான் போனதில்லை.

இந்தமாதிரி சரிபார்ப்பு எல்லா வருடமும் நடப்பதுதான். பயப்படாதே. பட்டியலில் இருக்கிற பெயர்களைப்பற்றி யாரிடமும் பேசாதே. எந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். பரீட்சை வருகிறது. படிப்பைப் பார்.

உறைக்குள் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பேனா வாங்கிக்கொள்.

ஆசிகளுடன்,
சித்தி


பிப்ரவரி 8

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இருமல் போய்விட்டது. பேனா வாங்கினேன். அதில்தான் எழுதுகிறேன்.

மையத்தை மூடிவிட்டார்கள். பின்படிக்கட்டின் கம்பிக்கதவில் பூட்டு. முன்வாசலில் ஒரு தாள். அறுபத்துமூன்று பெயர்களில் ஒன்பதுதான் உண்மையாம். மீதி ஐம்பத்துநான்கும் போலிப் பயனாளிகளாம். போலிகளுக்காக மக்கள் பணத்தைச் செலவிட இயலாதாம். சிஸ்டர்மேல் விசாரணை. கடைசி நாளன்று அவள் குளிர்பெட்டியில் மீதியிருந்த ஊசிகளை எல்லோரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டாள். அம்மாவுக்குக் கிடைத்தது. அது மார்ச் முதல் வாரம்வரை தாங்கும்.

அந்த இரண்டு அறைகளும் இப்போது காலியாக இல்லை சித்தி. இந்த மாதம் மனநல விழிப்புணர்வு வாரம் நடந்தது. அதற்குத் துறையில் தனியாக நிதி இருக்கிறதாம். துணிப் பதாகைகள், தொப்பிகள், பலூன் காற்றடிக்கிற இயந்திரம் எல்லாம் வண்டியில் வந்து இறங்கின. எங்கே வைப்பது என்று பார்த்தார்கள். பூட்டிக் கிடக்கிற அறைகள்தான் இருக்கின்றனவே! அம்மா ஊசி போட்டுக்கொள்கிற கட்டிலின்மேல் தொப்பிப் பெட்டிகள் அடுக்கியிருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

எங்கள் பள்ளியையும் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குக் கொடுத்த அட்டையில் "பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்" என்று எழுதியிருந்தது. பெரிய அதிகாரி பேசினார். மனநோய் பற்றி வெட்கப்படக் கூடாது என்றார். வெட்கப்படுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் பிஸ்கட் பொட்டலமும் எலுமிச்சைச் சாறும். அவர் பாதி குடித்துவிட்டு வைத்த குவளைக்குள் ஒரு ஈ விழுந்து சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்ப்பதற்கு அது மேல்.

கணக்கு டீச்சரும் ஊர்வலத்தில் வந்தார். அவரும் மையத்துக்கு வருகிறவர்தான். ஆறு வருடத்தில் நாங்கள் அந்த அறையில் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, அப்படி ஒரு ஒப்பந்தம். அவர் தலையில் மஞ்சள் தொப்பி. வரிசையைச் சரிபண்ணிக்கொண்டே என்னைக் கடந்து போனார்.

சித்தி, சரிபார்ப்பு மாடியில் இருப்பவர்களிடம் யார் மூலமாவது கேட்க முடியாதா? உங்களுக்கு யாருமே தெரியாதா?

அன்புடன்,
குட்டி


மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலம்தானே? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். எனக்குக் கொஞ்சம் உடம்பும் சரியில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை.

விசாரித்தேன். அதெல்லாம் முடிந்துபோன கோப்பு. யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சும்மா மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இத்துடன் அக்காவுக்கு வைட்டமின் மாத்திரைகள் அனுப்புகிறேன். நல்ல கம்பெனி. காலையில் ஒன்று. நரம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது என்று கடைக்காரர் சொன்னார்.

அக்காவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு. பழைய விஷயங்களை மட்டும் அதிகம் பேசவேண்டாம்.

ஆசிகளுடன்,
சித்தி


மார்ச் 12

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? உடம்புக்கு என்ன என்று நீங்கள் எழுதவில்லை.

வைட்டமின் மாத்திரைகள் வந்தன. வாழைப்பழ வாசனை அடிக்கின்றன. அம்மாவிடம் கொடுக்கவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை வந்து எரிச்சலாக இருக்கிறது.

அம்மா ஒன்பது நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. தண்ணீர்க் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டார் ஒட்டுக்கேட்கிறார்களாம். என் பள்ளிக் காலுறைகளைச் சுருட்டி இந்தக் குளியலறை ஓட்டையில் திணித்திருக்கிறாள். தண்ணீர் தேங்கி நாற்றம் எடுக்கிறது. கால் இரண்டையும் வாளிமேல் தூக்கிவைத்துக்கொண்டு எழுதுகிறேன். பகலில் என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு? உங்க அம்மா தேடமாட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். ரொம்ப அன்பாகத்தான் கேட்டாள்.

அப்பா ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இந்தமாதிரி ஆட்களை அங்கே வைத்துக்கொள்வார்களாம். வீட்டார் ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம். திரும்ப அழைத்துவரும் பழக்கம் பெரும்பாலும் இல்லையாம். வந்ததும் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

"எப்படிப்பா இருக்கு அந்த இடம்?" என்று கேட்டேன்.

"சுத்தமாத்தான் இருக்கு."

"அப்போ ஏன் சட்டையைக் கழற்றி வாசல்ல போட்டீங்க?"

"நானும் மனுஷன்தான்டீ. வேலைக்குப் போகணும். ஒரு நாள் நீ இல்லாத நேரத்துல அவ கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டா? ஏப்ரல் கடைசிவரை பார்க்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவர் அழுதார் சித்தி. அவரைத் திட்டவும் முடியவில்லை.

ஒரு வழி இருக்கிறது. சிஸ்டர் விசாரணைக்கு நடுவிலேயே மேல்முறையீடு செய்திருக்கிறாள். ஏப்ரல் 15க்குள் நாற்பது பேர் அடையாள அட்டையோடு சொந்தப் பெயரில் படிவம் கொடுத்தால் மையத்தைத் திறந்தாகவேண்டுமாம். ஆனால் பதிவேட்டில் வேறு பெயர் இருப்பதால், அந்தப் பெயர்க்காரரும் இவரும் ஒரே ஆள்தான் என்று நிரந்தர வேலையில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். ஒருவர் ஒருவருக்குத்தான் போடலாம். அப்பாவுக்கு ஒப்பந்த வேலை, அவர் கையெழுத்து செல்லாது. நமக்கு நிரந்தர வேலையில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்லவேண்டும். முதல் கடிதத்தில் நான் முழுதும் எழுதவில்லை. அன்று அந்த ஆள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் எழுந்திருக்கவில்லை என்று எழுதினேன். அம்மா எழுந்தாள். "நான்தாங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கீழே நூலகத்தில் என் வகுப்புப் பெண்கள் இருந்தார்கள். அவர் கத்துகிற சத்தம் கீழே கேட்கும் என்று நினைத்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பட்டியலில் குறைந்ததில் ஒன்று என்னால். என் கையைப் பார்த்தாலே எனக்குப் பிடிக்கவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது.

சீக்கிரம் எழுதுங்கள்.

குட்டி


மார்ச் 30

அன்புள்ள சித்திக்கு,

நலமா? பதினெட்டு நாளாகிவிட்டது. கடிதம் கிடைத்ததா என்றுகூடத் தெரியவில்லை.

நான் ஆட்களைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன். எல்லோருடைய முகமும் எனக்குத் தெரியும். யார் எந்தத் தெரு என்று சிஸ்டருக்குத் தெரியும். அவள் யார் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாது, விசாரணையில் இருக்கிறாள். அதனால் நான் போகிறேன். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஒரே பயம். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு அம்மாள், "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மகன் உள்ளேயிருந்து, "வியாழக்கிழமை பாப்பா வந்திருக்கா!" என்று என்னைப் பார்த்துக் கை ஆட்டினான். அவள் கதவைச் சாத்தினாள்.

கணக்கு டீச்சரிடம் வகுப்பு முடிந்ததும் போய் நின்றேன். "நீ தப்பான ஆளைக் கேட்கற" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த பலகை. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தையற்கடைக்கு வந்தார், திரைச்சீலைக்கு அளவு கொடுப்பதுபோல. நான் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

"உனக்கு நான் கையெழுத்துப் போடறேன்" என்றார் தையற்கடை அக்காவிடம். "எனக்கு யார் போடுவா?"

"டீச்சர், நமக்குக் கையெழுத்துப் போடணும்னா இந்த ஊர்ல யாருக்காவது பைத்தியம் பிடிச்சாத்தான் உண்டு" என்றாள் அக்கா.

டீச்சர் சிரித்த சிரிப்பைப் பள்ளியில் ஒருநாளும் கேட்டதில்லை. மூக்கால் சிரிக்கிறார். பிறகு அவருடைய பழைய மாணவர் ஒருவர், தபால் அலுவலகத்தில் இருக்கிறாராம், அவரிடம் கேட்டு வாங்கிவிட்டார். டீச்சர் ஆரம்பித்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். நேற்றுவரை முப்பத்தொன்று.

இனி எழுதுவதற்குத்தான் இந்தக் கடிதம்.

மேல்முறையீடு வந்ததால், சரிபார்ப்புத் தாள்களின் நகலை மையத்தின் முன்கதவில் ஒட்டியிருக்கிறார்கள். அச்சடித்த பெயர்கள், பக்கத்தில் பேனாவால் குறிப்பு. யார் யாருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளப் போனேன். இரண்டாவது தாளில் பதினேழாவதாக அம்மாவின் பெயர். எதிரில், "அப்படி ஒருவர் இல்லை."

சித்தி, நீங்கள் "இல்லை" எழுதும்போது கடைசி எழுத்தின் சுழியை இரண்டு சுற்றுச் சுற்றுவீர்கள். உங்களுடைய இரண்டு கடிதங்களையும் பாடப்புத்தக அட்டைக்குள் வைத்திருக்கிறேன். ஒரு கடிதத்தை எடுத்துப்போய்க் கதவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "ஒரு சம்பந்தமும் இல்லை" என்று நீங்கள் எனக்கு எழுதிய இல்லையும், கதவிலிருந்த இல்லையும் ஒன்றுதான்.

கவனிக்காமல் எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் மையத்தில் அம்மாவுக்கு வைத்த அந்தப் பெயர், நீங்கள் சின்ன வயதில் உங்கள் பொம்மைக்கு வைத்திருந்த பெயராமே. அம்மா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். "தன் பொம்மைப் பேரை எனக்குக் கொடுத்துட்டா பாரு, எவ்வளவு ஆசை என்மேல" என்றாள்.

கதவுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு வாந்தி வந்தது. குப்பைத் தொட்டிவரை ஓடினேன்.

படிவத்தில் கையெழுத்து வேண்டும். அதுமட்டும்தான் கேட்கிறேன்.

குட்டி


ஏப்ரல் 4

சித்தி,

முப்பத்தொன்பது ஆகிவிட்டது. அப்பா இல்லத்தின் காகிதங்களை வாங்கிவந்து ரேடியோ மேல் வைத்திருக்கிறார். இன்னும் நிரப்பவில்லை. தபால் போய்ச்சேர ஐந்து நாளாகிறது.

குட்டி


ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை. அக்கா தூங்கினாளா?

நீ எழுதியது உண்மை. போன வருடமே என்னை அந்த மாடிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இருநூறு பெயர் பார்க்கவேண்டும். குடும்பப் பதிவுகளில் இருந்தால் சரி என்று குறிக்கவேண்டும், இல்லாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் வேலை. அந்தப் பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரர் பார்த்துவிட்டு, "என்ன மேடம், தெரிஞ்சவங்களா?" என்றார். "இல்லை" என்றேன். வாயால் சொன்னதைக் கையால் எழுதினேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள் என்று என் கல்யாணத்தின்போதே இந்த வீட்டில் சொல்லிவிட்டோம். கூடத்தில் எங்கள் இருவரின் சின்ன வயதுப் படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் அத்தை, "பெரியவ வெளிநாட்டுல நல்லா இருக்கா" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். மருத்துவமனையில், உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று கேட்டார்கள். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அங்கேயும் இல்லை என்றேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அலுவலக முத்திரையும் இருக்கிறது. செல்லும். உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்று நீயே பார்ப்பாய். இந்தப் படிவங்கள் எங்கள் பிரிவுக்குத்தான் வரும், பக்கத்து மேசைக்காரர்தான் பிரிப்பார். அவர் மனைவியும் எங்கள் அத்தையும் பழக்கம். என்னால் இதற்குமேல் முடியவில்லை.

இதைப் படித்ததும் எரித்துவிடு.

சித்தி


ஏப்ரல் 19

சித்தி,

உங்கள் உறை 14ஆம் தேதி மாலை தையற்கடைக்கு வந்தது. உறவுமுறைக் கட்டத்தில் "அறிமுகமானவர்" என்று எழுதியிருந்தது. கடை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, யாரோ தெரிஞ்சவங்க போட்டிருக்காங்க போல. நல்ல மனசு" என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குள் நாற்பதாவதாக வந்த ஒருவரின் படிவம் கிழிந்து ஒட்டுப் போட்டது என்பதால் செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். முப்பத்தொன்பதோடு நின்றது. உங்களுடையது நாற்பது.

மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவைக் குளிப்பாட்டி, நீல உடை உடுத்தி அழைத்துப்போனேன். வழியெல்லாம் குழாய்களைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். நூலக வாசலில் மேசை போட்டு ஒரு எழுத்தர் உட்கார்ந்திருந்தார். படிவத்தை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

நான் பேனாவைக் கையில் வைத்திருந்தேன். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே "தங்கை" என்று எழுதவேண்டும். முந்தின நாளிலிருந்தே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இதுல ஒரு திருத்தம் பண்ணலாமாங்க?" என்று கேட்டேன்.

"ஒரு எழுத்து திருத்தினாலும் செல்லாதும்மா. புதுசா எழுதி, அவங்ககிட்ட மறுபடி கையெழுத்து வாங்கிட்டு வரணும். இன்னிக்கு அஞ்சு மணிவரைக்கும்தான்."

பேனாவை மூடிவைத்தேன்.

அவர் உங்கள் பெயரைச் சத்தமாக வாசித்தார். "அறிமுகமானவர்னு போட்டிருக்கு. இவங்க உங்களுக்கு யாரும்மா? எப்படித் தெரியும்?"

அம்மாவிடம் நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. உங்கள் பெயரைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பிறகு படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் படித்தாள். ஆறு வாரமாக என் பெயரே சரியாக நினைவில்லாதவள் சித்தி. நான் யார் வீட்டுப் பெண் என்று கேட்டவள். அவளுக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சவங்கதாங்க" என்றாள். "ரொம்ப நாள் பழக்கம். நல்லவங்க."

எழுத்தர் முத்திரை குத்தினார்.

மையம் திறந்துவிட்டது, வாரத்தில் ஒரு நாள் மட்டும். தொப்பிப் பெட்டிகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, நேற்று சிஸ்டர் அம்மாவுக்கு ஊசி போட்டாள். அப்பா அந்தக் காகிதங்களை ரேடியோ மேலிருந்து எடுத்து எங்கேயோ வைத்திருக்கிறார், கிழிக்கவில்லை. நிதி ஆறு மாதத்துக்குத்தானாம். அக்டோபரில் மறுபடி சரிபார்ப்பு. பட்டியலில் இந்த முறை அம்மாவின் பெயர் அம்மாவின் பெயராகவே இருக்கும். உங்கள் மேசைக்குத்தான் வரும்.

உங்கள் கடிதத்தை நான் எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் மாட்டேன். காட்டுவேனோ என்று நீங்கள் பயப்படுவீர்கள் என்று நினைக்கும்போது ஒரு நிமிடம் நன்றாக இருக்கிறது. அடுத்த நிமிடம் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அம்மாவிடமிருந்து நான் இன்னும் அந்த அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கடிதத்தைக் குளியலறையில் எழுதவில்லை. சாப்பாட்டு மேசையில் எழுதுகிறேன். அம்மா எதிரில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருக்கிற பஞ்சை அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் கேட்டாள், "சித்தி உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டு எழுதினியா?" என்று.

கேட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அக்காவின் மகள்